படத்தில் இருந்த முக்காலி

“அந்த முக்காலிய மட்டும் எடுத்துட்டா போதும் மேடம். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்” என்றார் எங்கள் மேலாளர்.

அவர் எடுக்கச் சொன்னது ஒரு படத்திலிருந்து. எங்கள் தொழிற்சாலையில் அப்போது முக்காலி என்று ஒன்று கிடையாது. இல்லாத பொருளை அவர் எடுக்கச் சொன்னதும், எடுக்கமாட்டேன் என்று நான் நின்றதும் வெளியாட்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரியலாம். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். எதுவும் வரிசையில் இருந்தால்தான் எனக்கு மனம் அமைதியாக இருக்கும். என் வீட்டுச் சமையலறையில் சீரக டப்பாவை யாராவது இடம் மாற்றி வைத்தால்கூட எனக்குத் தெரிந்துவிடும்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் பாதுகாப்புக்கும் பயிற்சிக்கும் நான் பொறுப்பு. தினமும் காட்பாடியில் ரயில் ஏறிப் போய் வருகிறேன். தோல் வேலை எதுவும் எனக்குக் கையால் தெரியாது. கையுறை, காலுறை, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பு, இவைதான் என் வேலை. உறையில்லாத கையைப் பார்த்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவேன். கை உறைக்குள் போகும்வரை நகரமாட்டேன். அதனால் தொழிலாளர்கள் எனக்கு வைத்த பெயர் கிளவுஸ் மேடம்.

முதலாளியின் மகனை எல்லோரும் சின்ன பாய் என்பார்கள். அவர் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வரும்போது சில மெய்நிகர் கண்ணாடிகளை வாங்கிக்கொண்டு வந்தார். அதைத் தலையில் மாட்டினால் கண்கள் முழுதாக மூடிக்கொள்ளும். உள்ளே வேறோர் இடம் தெரியும். திரும்பினால் அந்த இடத்தின் மறுபக்கம் தெரியும். இரண்டு கைகளிலும் பிடித்திருக்கும் சிறு கருவிகளை அசைத்தால் அங்கேயும் நம் கைகள் அசையும். தொழிலாளர்கள் அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள்: மூஞ்சி டப்பா.

சின்ன பாயின் எண்ணம் வேறு. வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிக்கு எங்கள் தோலைச் சோபாவில் போர்த்தி, கார் இருக்கையில் போர்த்தி, நிறம் மாற்றி மாற்றிக் காட்டலாம்; மாதிரித் துண்டு வெட்டி அனுப்பும் செலவு மிச்சம் என்று நினைத்தார். படம் அழகாகவே வந்தது. ஒரு வியாபாரி அங்கிருந்தபடியே மாட்டிப் பார்த்துவிட்டு நன்றாகப் புகழ்ந்தார். பிறகு, “தோல் எப்போது வரும்? தொட்டுப் பார்க்க வேண்டும்” என்று கேட்டார். இந்தத் தொழிலில் விரலால் கிள்ளிப் பார்க்காமல், மடித்து நுனியை முகராமல் ஒருவரும் வாங்கமாட்டார்கள். இதை மேலாளர் ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணாடிகள் கூட்ட அறையின் அலமாரிக்குள் போயின.

தோலை விற்க உதவாத அந்தக் கண்ணாடியை நான் கேட்டு வாங்கினேன். எனக்கு ஒரு காரணம் இருந்தது. எந்த வேலையையும் நான்கு தடவை தப்பாகச் செய்து ஐந்தாம் தடவை சரியாகச் செய்யலாம். தோல் சீவுகிறவர்கள் அப்படித்தான் கற்கிறார்கள். எங்கள் வளாகத்தில் ஒரே ஒரு வேலையில் மட்டும் முதல் தப்புதான் கடைசித் தப்பு.

அது கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வது. தோல் ஊறிய தண்ணீர், சுண்ணாம்பு, மயிர், கொழுப்பு எல்லாம் வந்து சேரும் ஆழமான தொட்டி. மேலே இருப்பதை மோட்டார் இறைத்துவிடும். அடியில், மூலையில் இறுகிப்போன சேற்றை ஒரு ஆள் இறங்கித்தான் வெட்டி எடுக்க வேண்டும். அந்தச் சேற்றைக் கிளறினால் வாயு வரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு கூடினால் மூக்கு செத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று ஆள் தைரியமாவான். அடுத்த நிமிடம் விழுவான். அவனைத் தூக்க இன்னொருவன் இறங்குவான். அவனைத் தூக்க மூன்றாமவன். இந்தப் பக்கத்தில் வேலை செய்கிற யாரும் இப்படி ஒரு செய்தியைக் கேட்காமல் இருந்ததில்லை. எங்கள் இடத்தில் நடந்ததில்லை. நடக்காமல் இருப்பது மட்டுமே என் வேலை.

ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு எடுப்பேன். “யாராவது விழுந்தா நீங்க எறங்காதீங்க” என்பேன். “சரி மேடம்” என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

சென்னையிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர் வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், வேகமாகப் பேசுகிற பெண். எங்கள் தொட்டியையும் அதன் இரும்பு மூடியையும் பக்கத்து வேப்பமரத்தையும் உடைந்த பிளாஸ்டிக் வாளியையும்கூடப் படம் எடுத்துக்கொண்டார். வேறு எங்கோ செய்த ஒரு பயிற்சிப் படத்தை எடுத்து, அதற்குள் எங்கள் முற்றத்தை வைப்பதுதான் திட்டம். அந்தப் பழைய படத்தில் தொட்டியின் வாய்மேல் ஒரு பெரிய இரும்பு முக்காலி நின்றது. அதில் ஒரு கப்பி, கம்பிக் கயிறு, சுற்றுகிற கைப்பிடி. இறங்குகிறவனின் இடுப்புப் பட்டையில் அந்தக் கயிறு மாட்டியிருக்கும். அவன் மயங்கினால் மேலே நிற்பவன் கைப்பிடியைச் சுற்றினால் போதும், ஆள் மேலே வந்துவிடுவான்.

“வாயு மீட்டர் இருக்கு, ப்ளோயர் இருக்குன்னீங்க. இந்த முக்காலி உங்ககிட்ட இருக்கா மேடம்?” என்று கேட்டார் பொறியாளர்.

“இல்ல. கேட்டுக்கிட்டே இருக்கேன். அடுத்த மாசம் பாக்கலாம்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க.”

“அப்போ எடுத்துடவா?”

“வேணாம். இருக்கட்டும்.”

“இல்லாதத காட்டுனா தப்பா போய்டாதா?”

“இருக்க வேண்டியதத்தானே காட்றோம்” என்றேன்.

ஆக, எங்களிடம் இல்லாத முக்காலி படத்தில் நின்றது தற்செயல் அல்ல. தெரிந்தே வைத்தேன்.

தொட்டிக் கூட்டம் என்று ஐந்து பேர் இருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளி, தேநீர் வேளைக்குப் பிறகு அவர்களை வரவழைத்தேன். முதலில் மேஸ்திரி. அதிகம் பேசாத மனிதர். கண்ணாடியை மாட்டியதும் படத்தில் தொட்டி முன்னால் நின்றார். அவர் பார்ப்பது எங்களுக்குச் சுவரில் இருந்த திரையில் தெரிந்தது. மூடியைத் தொடவில்லை. வலப்பக்கம் திரும்பினார், இடப்பக்கம் திரும்பினார், குனிந்து வேப்பமரத்தடியைப் பார்த்தார்.

“இன்னா தேடுறீங்க மேஸ்திரி?”

“கற்பூரம் மேடம். தேங்கா இல்லாட்டிகூட பரவால்ல.”

கூடம் முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. மூடியைத் திறக்கும்முன் தொட்டி விளிம்பில் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பது அவர்கள் வழக்கம். தொட்டி வாயு தீப்பிடிக்கும் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியிருந்தது. என் கண் முன்னால் ஏற்றமாட்டார்கள். நான் நகர்ந்ததும் ஏற்றுவார்கள். பொறியாளருக்கு இது புதுச் செய்தி. “எந்த ஊரு ப்ரோக்ராம்லயும் இது இல்ல மேடம்” என்று வியந்துபோய், அடுத்த தடவை வரும்போது படத்தில் கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் சேர்த்துக் கொண்டுவந்தார். மேஸ்திரி மகிழ்ச்சியாக அதை ஏற்றினார். தொட்டியின் வாயிலிருந்து நெருப்பு எழுந்து வேப்பமரம்வரை போனது. மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கைகளையும் கூப்பினார்.

பிறகு வாயிற்கதவுப் பக்கம் கையைக் காட்டி, “கேட்டாண்ட ஏத்துனா?” என்று கேட்டார்.

“தாராளமா ஏத்துங்க. நானே கற்பூரம் வாங்கித் தர்றேன்.”

அடுத்து, கூட்டத்திலேயே வாயாடி. ஆலங்காயத்துக்காரர். ஒல்லியாக இருப்பார், ஆனால் அவர் இருக்கும் இடம் குரலாலேயே நிறைந்துவிடும். படத்தில் உள்ளே இறங்கிய ஒருவன் சாய்ந்து விழுகிறான். இந்த வாயாடி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஏணியில் கால் வைத்தார், இறங்கினார். படம் கறுத்தது. “நீங்கள் உயிரிழந்துவிட்டீர்கள்” என்றது கண்ணாடிக்குள் ஒரு பெண் குரல்.

“இதத்தான் எங்க வூட்டுக்காரி தெனமும் சொல்றா. இந்தம்மா கொஞ்சம் மரியாதயா சொல்லுது” என்றார்.

இரண்டாம் தடவையும் இறங்கினார். மூன்றாம் தடவை இறங்கும்போது நான் குரலை உயர்த்திவிட்டேன். மேஸ்திரியும் மற்ற மூன்று பேரும் அப்படியே செய்தார்கள். ஆண்டுதோறும் “சரி மேடம்” என்று தலையாட்டிய ஐந்து பேரில் ஒருவர்கூட மேலே நிற்கவில்லை.

“விழுந்தவன் யாருன்னாவது பாத்தீங்களா?” என்றேன் கோபமாக. பழைய படத்திலிருந்து வந்த உருவம் அது. செம்பட்டை முடி, வெள்ளைத் தோல்.

“பாத்தேன் மேடம். வெள்ளக்காரன். அதுக்காக வுட்டுட்டு வர முடியுமா?” என்றார் வாயாடி. பிறகு விளையாட்டை விட்டுவிட்டு நேராகப் பார்த்தார். “எறங்காத எறங்காதன்றீங்க. கண்ணு முன்னாடி அவன் கெடக்கறான். நான் கையக் கட்டிக்கினு நின்னு இன்னா பண்றது? அதச் சொல்லுங்க.”

இத்தனை ஆண்டு வகுப்பில் நான் அதைச் சொன்னதே இல்லை. என்ன செய்யக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

மறுபடியும் மாட்டச் சொன்னேன். “இந்தத் தடவ அவன் விழுந்ததும் வலப்பக்கம் பாருங்க. முக்காலில ஒரு கைப்பிடி இருக்கு. அதப் புடிச்சி சுத்துங்க.” வெள்ளைக்காரன் விழுந்தான். வாயாடியின் வலது கால் ஏணிப் பக்கம் நகர்ந்தது. சாப்பாட்டுக் கூடத்துத் தரையில் அந்தக் காலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கைகள் முன்னே போய் வெறும் காற்றில் எதையோ பிடித்துச் சுற்ற ஆரம்பித்தன. கால் நின்றுவிட்டது. திரையில் செம்பட்டைத் தலை மேலே வந்தது. கூடத்தில் விசில் பறந்தது.

அந்தக் காலை நிறுத்தியது பயம் அல்ல. பயம் அவர்களுக்கு எப்போதும் இருந்தது, பயத்தோடுதான் இறங்கினார்கள். கைக்கு ஒரு வேலை கிடைத்ததும்தான் கால் நின்றது. மெய்நிகர் கண்ணாடியால் வியாபாரத்துக்கு என்ன பயன் என்று என்னை யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் இது ஒன்றுதான்.

ஒரு வாரத்தில் ஐந்து பேருக்கும் அந்தக் கைப்பிடி பழகிவிட்டது. கடைசி நாள் மேஸ்திரி என்னிடம் வந்தார்.

“மேடம், அந்த முக்காலி எந்த ரூம்ல இருக்கு?”

“இன்னும் வாங்கல மேஸ்திரி.”

“சரி, வரட்டும். வந்தப்புறம் மூடியத் தெறக்கலாம்.”

அவர் சவாலாகச் சொல்லவில்லை. சாந்து வரவில்லை, வந்தபிறகு சுவர் எழுப்பலாம் என்று கொத்தனார் சொல்வதுபோலச் சொன்னார்.

பக்ரீத் முடிந்த காலம் அது. உப்புப் போட்ட தோல்கள் லாரி லாரியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. தோலை ஊறவைக்கும் பீப்பாய்கள் ஓயாமல் சுற்றின. தொட்டி வாய்வரை ஏறிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் தோல் வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து ஆட்கள் தொழிற்சாலையைப் பார்வையிட வருவதாக ஏற்பாடு. அதற்குள் தொட்டி சுத்தமாக வேண்டும். வருகிறவர்களுக்கு மெய்நிகர் பயிற்சியையும் காட்டி அசத்த வேண்டும் என்று மேலாளர் ஆசைப்பட்டார். ஒரு மாதம் அந்தக் கண்ணாடியைக் கேலி செய்தவர் இப்போது அதற்கு வெல்வெட் உறை வாங்கி வந்தார். மாட்டிப் பார்த்தார். முக்காலியைக் கண்டார். என்னைக் கூப்பிட்டார்.

“இல்லாதத எதுக்கு மேடம் காட்றீங்க? வர்றவங்க இது எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?”

“வாங்கிட்டா காட்டலாம் சார்.”

“இப்ப வாங்கற நெலமை இல்ல. அந்த முக்காலிய மட்டும் எடுத்துட்டா போதும் மேடம். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்.”

“மாட்டேன் சார்.”

தன் காதில் தவறாக விழுந்ததோ என்று நினைத்து மறுபடி என் முகத்தைப் பார்த்தார். “வெறும் படம் மேடம்.”

“படத்துலகூட இல்லாம போச்சுன்னா அப்புறம் அது எங்க சார் இருக்கும்?”

“நீங்க எடுக்காட்டி இன்னா? அந்தப் பொண்ணுகிட்ட நானே பேசிக்கறேன்” என்றார்.

பேசவும் செய்தார். அன்று சாயங்காலம் ஆம்பூர் நிலையத்தில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது பொறியாளரின் அழைப்பு வந்தது.

“மேடம், உங்க மேனேஜர் முக்காலிய எடுக்கச் சொல்றார். எடுக்கறது பத்து நிமிஷ வேல. ஆனா எடுத்துட்டா கத முடியாது.”

“புரியலம்மா.”

“எந்தப் பக்கம் போனாலும் சாவுதான் மேடம். அந்தக் கைப்பிடி ஒண்ணுதான் பொழைக்கற வழின்னு எழுதியிருக்கு. அத எடுத்துட்டா எறங்குனாலும் சாவான், நின்னாலும் கீழ இருக்கறவன் சாவான். இத உங்க மேனேஜர்கிட்ட சொன்னேன். அவர் இன்னொரு வழி சொன்னார்.”

“இன்னா வழி?”

“ரெண்டாவது ஆளு மூக்குல ஈரத்துணி கட்டிக்கிட்டு எறங்கி, தோள்ல தூக்கிக்கிட்டு வர்ற மாதிரி ஒரு முடிவு வெச்சிடுங்கன்னார்.”

ரயில் வருவதாக ஒலிபெருக்கி அறிவித்துக்கொண்டிருந்தது. ஈரத்துணியோடு இறங்கினால் ஆள் பிழைப்பான் என்று நாங்களே கற்றுக்கொடுப்பதா? அந்த ஐந்து பேரும் கண்ணாடியில் பார்த்ததை அப்படியே நம்புகிறவர்களாகியிருந்தார்கள். நம்ப வைத்தவள் நான்.

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“மாட்டேன்னுட்டேன். பணம் குடுக்கறது நீங்க, எடுக்கச் சொன்னா எடுக்கறேன். பொய்யா ஒரு முடிவ சேக்கமாட்டேன்னு சொல்லிட்டேன். கோவமா வெச்சிட்டார்.”

“அப்ப எடுத்துடுங்க” என்றேன். “எடுத்து அப்படியே அனுப்புங்க. ஒண்ணும் சேக்காதீங்க.”

முக்காலி இல்லாத படம் வந்து சேர்ந்தது. கூட்ட அறையில் மேலாளர் அதைச் சின்ன பாய்க்குக் காட்டினார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சின்ன பாய் உற்சாகமாக மாட்டிக்கொண்டார். ஆள் விழுந்ததும் அவரும் இறங்கினார். எல்லோரையும் போலவே, ஒரு நொடிகூட யோசிக்காமல். அந்த ஒரு நொடி எனக்கு அவரைப் பிடித்துப்போனது. “நீங்கள் உயிரிழந்துவிட்டீர்கள்.” சிரித்தார். இரண்டாம் தடவை மேலேயே நின்று ஆள் கூப்பிட்டார். “உங்கள் நண்பர் உயிரிழந்துவிட்டார்.” மூன்றாம் தடவை கயிறு வீசினார். மயங்கிக் கிடப்பவன் கயிற்றைப் பிடிக்கமாட்டான். அதே குரல், அதே வாக்கியம். நான்காம் தடவைக்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றினார். நெற்றியில் அதன் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது.

“இதுல எப்படிதான் ஜெயிக்கறது?”

மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

“இதுல முடியாது சார்” என்றேன். “நம்ம தொட்டி இன்னிக்கு எப்படி இருக்கோ அப்படியே இருக்கு இது. ஜெயிக்கறதுக்கு ஒரு முக்காலி இருந்துச்சு. எடுத்துட்டாங்க.”

“யாரு எடுத்தது?”

“நான் எடுக்கல சார்.”

சின்ன பாய் மேலாளரைப் பார்த்தார். “அது வெல இன்னா? ஆர்டர் போட்டுடுங்க” என்றார். இங்கேயே இது முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். மேலாளர் மெல்லச் சொன்னார்: “போட்டுடலாம் சார். ஆனா வர்றதுக்கு நாளாகும். விசிட்டுக்கு முன்னாடி தொட்டி கிளீனாகணும். இந்த ஒரு தடவ மட்டும் பழையபடி பண்ணிட்டா...” சின்ன பாயின் கைப்பேசி அடித்தது. எழுந்து போகிறபோது, “பாத்துப் பண்ணுங்க” என்றார்.

பாத்துப் பண்ணுங்க. இந்த இரண்டு சொற்களை வைத்து எங்கள் தொழிலில் எதை வேண்டுமானாலும் செய்யலாம். எது நடந்தாலும் சொன்னவருக்குப் பங்கில்லை.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மேஸ்திரி கூப்பிட்டார். “நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க மேடம். ஞாயித்துக்கெழம, ஆளு கம்மியா இருக்கும்னு. உங்ககிட்ட சொன்னாங்களா?”

“சொல்லல.”

“நெனச்சேன்” என்றார்.

மறுநாள் காலை நான் புடவை கட்டிக்கொண்டு கைப்பையில் தலைக்கவசத்தை வைப்பதைக் கண்டு என் வீட்டுக்காரர், “ஆராதனைக்கு ஹெல்மெட் எதுக்கு?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரியில் செவிலியராக இருக்கிறவர். விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை. “போ. நான் சர்ச்ல சொல்லிக்கறேன்” என்றார்.

தொழிற்சாலை வெறிச்சென்று இருந்தது. கூட்ட அறை அலமாரியிலிருந்து ஒரு மெய்நிகர் கண்ணாடியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன். ஐந்து பேரும் தொட்டியின் இரும்பு மூடிமேல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வாயாடி நகர்ந்து இடம் விட்டார். “வாங்க கிளவுஸ் மேடம். கல்யாணப் பந்தி மாதிரி இருக்கு பாருங்க. எடம்தான் கொஞ்சம் நாறுது.” முகத்துக்கு நேராக அவர்கள் அந்தப் பெயரைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. நானும் மூடிமேல் உட்கார்ந்தேன்.

மேலாளர் வந்தார். என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை.

“இன்னா இது, பிக்னிக்கா? மூடிய தெறங்க.”

மேஸ்திரி எழுந்து நின்றார், மரியாதைக்கு. ஆனால் மூடியை விட்டு இறங்கவில்லை. “முக்காலி வரட்டும் சார்.”

“இத்தன வருஷமா எந்த முக்காலி வெச்சி எறங்குனீங்க?”

“இத்தன வருஷமா தெரியாது சார்” என்றார் வாயாடி. “இப்ப செத்துப் பாத்துட்டோம். நானே மூணு தடவ.”

மற்றவர்கள் சிரிக்க, மேலாளரின் முகம் சிவந்தது. “நீங்க இல்லாட்டி ஆளே கெடைக்காதா? வெளிய இருந்து ஒரு கூட்டத்தக் கூப்டா மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டு போய்டுவான்.”

நான் எழுந்தேன். “கூப்பிடுங்க சார். ஆனா யார் எறங்குனாலும் பயிற்சி குடுத்துதான் எறக்கணும். அது என் வேல. நான் இங்கதான் இருக்கேன், கண்ணாடியும் பைல இருக்கு. வர்றவங்களுக்கு எந்தப் படத்த மாட்டறது? முக்காலி இருக்கறதா, இல்லாததா? நீங்களே சொல்லுங்க.”

முக்காலி இருக்கும் படத்தை மாட்டினால் வருகிறவர்களும் எங்கே என்று கேட்பார்கள். இல்லாத படத்தை மாட்டினால் எல்லோரும் சாவார்கள், அதுவும் அவர் கண் முன்னால், திரையில். மேலாளர் கொஞ்ச தூரம் போய்க் கைப்பேசியில் யாரிடமோ பேசினார். திரும்பி வந்து, “இதோட வெளைவு உங்களுக்குத்தான் மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார். மூடி அன்று திறக்கப்படவில்லை.

விளைவுகள் வந்தன. தொட்டி நிரம்பியதால் ஊறல் பீப்பாய்களை நிறுத்த வேண்டியதாயிற்று. இறக்கிய தோல்கள் அழுகாமலிருக்க மறுபடி உப்புப் போட்டார்கள். சின்ன பாய் தொலைபேசியில் என்னிடம் கத்தினார். இதுவரை நான் அவரிடம் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. முழுதும் கேட்டுவிட்டு, “முக்காலி எப்ப சார் வருது?” என்று மட்டும் கேட்டேன். பார்வையிட வருகிறவர்களைத் தள்ளி வரச் சொன்னார்கள். என் மேசையை அலுவலகத்திலிருந்து எடுத்து உப்புக் கிடங்கை ஒட்டிய அறைக்கு மாற்றினார்கள். இடப்பற்றாக்குறை என்று காரணம் சொன்னார்கள். அந்த அறையின் சன்னல் வழியாகத் தொட்டி நேராகத் தெரிகிறது. பழைய இடத்தை நான் திரும்பக் கேட்கவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

பார்சல் லாரியில் முக்காலி வந்தது, வெளிக்காற்றை இழுத்துத் தரும் முகமூடியோடு. பிரித்து நிறுத்தியதும் வாயாடி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“மேடம், படத்துல மஞ்சளா இருந்துச்சு. இது செவப்பா இருக்கு. மாத்தி அனுப்பிட்டானுங்க.”

“செவப்பு ஆவாதா உனக்கு?” என்றார் மேஸ்திரி.

“ஆவும். ஆனா அவசரத்துல மஞ்சளத் தேடுவேன் இல்ல?”

சிரிப்புக்குத்தான் சொன்னார். ஆனால் நான் அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிட்டுப் படத்தில் முக்காலியைத் திரும்ப வைத்து, சிவப்பு அடிக்கச் சொன்னேன். கைப்பிடி எந்தப் பக்கம் என்பதையும் சரிபார்த்தோம். அது மாறியிருந்தது, திருத்தினோம். புதுப் படத்தை எல்லோரும் மாட்டிப் பார்த்த பிறகே நாள் குறித்தோம்.

தொட்டி திறந்த அன்று மேஸ்திரி வாயிற்கதவருகே கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தார். சொன்னபடி கற்பூரம் என் செலவு. ஒரு துண்டுத் தேங்காய் எனக்கும் வந்தது. பிறகு மூடி திறந்தது. உள்ளே காற்றை ஊதும் ப்ளோயர் நெடுநேரம் ஓடியது. மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கி, எண் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகு, கூட்டத்தில் இளையவர் முகமூடி மாட்டி, இடுப்பில் கம்பிக் கயிற்றோடு இறங்கினார். மேலாளர் தூரத்தில் வேப்பமர நிழலில் நின்றார்.

மூலைச் சேற்றை மண்வெட்டி கிளறிய சற்று நேரத்தில் மீட்டர் கத்தத் தொடங்கியது. கீழே இருந்தவர் நிமிர்ந்தார். ஏணியை நோக்கித் திரும்பும்போது கால் வழுக்கிச் சேற்றில் சரிந்தார்.

நான் முகத்தைப் பார்க்கவில்லை, மேலே நின்றவரின் காலைத்தான் பார்த்தேன். வாயாடியின் வலது கால் ஏணிப் பக்கம் ஒரு தடவை எழுந்தது. வாய் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது. பிறகு அந்தக் கால் இருந்த இடத்துக்கே திரும்பி வந்து தரையில் ஊன்றியது. இரண்டு கைகளும் சிவப்பு முக்காலியின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கின.

“மெதுவா மெதுவா” என்று மேஸ்திரி கத்தினார்.

“இவன் வெள்ளக்காரன விட வெயிட்டு மேஸ்திரி” என்று மூச்சுவாங்கியபடி வாயாடி சுற்றினார். முதலில் முகமூடி தெரிந்தது, பிறகு தோள், பிறகு சேறு சொட்டும் இரண்டு கால்கள்.

அவரைப் பிடித்து விளிம்பில் உட்காரவைத்தோம். முகமூடியைக் கழற்றியதும் அவர் முதலில் சொன்னது, “நான் மயங்கல, வழுக்கிட்டேன்” என்பதுதான். யாரும் அதை மறுக்கவில்லை. அவர் கைகளைப் பார்த்தேன். ஒரு கையில் உறை இல்லை. சேற்றில் கழன்றிருக்க வேண்டும். என் பையிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மாட்டிக்கொள்ளும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.